என் தம்பி கேட்ட ஜீவனாம்சம்

என் தம்பியை எல்லாரும் அப்பாவி என்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதி வீம்பு. பெண்டாட்டியிடம் ஜீவனாம்சம் கேட்கவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவன் அவன்.

கணக்கு வாத்தியாராக இருந்தவன். கட்டிக்கொண்டவள் டாக்டர். கல்யாணமான புதிதில் அவள் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் திறந்தாள். அதற்கு வாடகை கட்டியது இவன் சம்பளம். பிறகு அவளுக்குச் சுக்கிர திசை அடித்தது. திரும்பின பக்கமெல்லாம் கிளை, பெரிய வீடு, வாசலில் இரண்டு கார். குழந்தை மட்டும் இல்லை. அவளுடைய அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது, யாராவது ஒருத்தர் வீட்டோடு இருக்க வேண்டியதாயிற்று. அவள் வருமானத்துக்கு முன்னால் வாத்தியார் சம்பளம் எந்த மூலைக்கு? வேலையை விட்டான்.

அன்றிலிருந்து அவன் பேர் 'வீட்டோட மாப்பிள்ளை'. நான் சலவைக் கடை வைத்திருக்கிறேன். துணி போட வருகிறவர்கள், "உங்க தம்பிக்கென்னக்கா, ராஜா மாதிரி இருக்காரு" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ராஜா காலையில் எழுந்து மாமியாரின் பல்செட்டைக் கழுவுகிறான் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். வாடிக்கைக்காரர்கள் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொள்வேன்.

பிரிந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அடிதடி இல்லை, இன்னொருத்தி இன்னொருத்தன் இல்லை. "நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி எத்தனை நாளாச்சு?" என்று அவள் ஒருநாள் கேட்டாளாம். இவனுக்கு நினைவில்லையாம். அவளுக்கும் நினைவில்லையாம். ஒரே பெட்டியோடு என் கடை மாடிக்கு வந்துவிட்டான். உறை போட்டுத் தொங்கும் கோட்டுகளுக்கு நடுவே அவனுக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தேன்.

அவன் ஏறி இறங்காத பள்ளிக்கூடம் இல்லை. ஐம்பதைத் தாண்டியவன், இத்தனை வருஷம் பாடம் நடத்தாதவன். "சொல்லி அனுப்பறோம் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். சேமிப்பு என்று சல்லிக்காசு இல்லை. எல்லாம் அவள் பேரில்.

"கேளுடா" என்றேன்.

"ஆம்பள போய் பொண்டாட்டிகிட்ட ஜீவனாம்சமா? அசிங்கம்க்கா."

"அசிங்கம் பாத்தா வயிறு நிறையுமாடா? எனக்கு முட்டி போச்சு. இந்தக் கடைய இன்னும் எத்தனை நாள் இழுப்பேன்? அப்புறம் ரெண்டு பேரும் காத்தக் குடிச்சிட்டு இருக்கலாமா?"

சிரித்தான். எனக்கு அழுகைதான் வந்தது.

விவாகரத்துக்கு முந்தின சமரசப் பேச்சுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நீளமான மேஜை, குளிரில் பல் கிட்டும் ஏசி. நடுவர் ஓய்வு பெற்ற நீதிபதி, நிதானமான அம்மாள். எதிரே அவளும் அவள் வக்கீலும். எங்கள் பக்கம் வக்கீல் இல்லை. எதுவும் வேண்டாம் என்கிறவனுக்கு வக்கீல் எதற்கு என்று இந்தத் துரை சொல்லிவிட்டார்.

வக்கீல் ஒரு தாளை நகர்த்தினார். இனி எப்போதும் ஜீவனாம்சம் கோரமாட்டேன் என்று அதில் இருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் திரும்பக் கேக்க முடியாது. நல்லா யோசிச்சீங்களா?" என்றார் நடுவர்.

"யோசிச்சிட்டேங்க."

"நியாயமான முடிவுதான். வீட்டுல நர்ஸ், சமையலுக்கு ஆள், டிரைவர் எல்லாரும் இருந்தாங்க. சார் செஞ்சதா சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்ல" என்றார் வக்கீல்.

"நீங்க வந்து பாத்தீங்களா?" என்று எழுந்துவிட்டேன். நடுவர் என்னை உட்காரச் சொன்னார்.

தம்பி பேனாவைத் திறந்தான். அவன் செல்போன் அலறியது. எடுத்துப் பார்த்தவன், "மன்னிச்சிக்குங்க, எடுக்கலன்னா பயந்துடுவாங்க" என்று காதில் வைத்தான்.

"சொல்லுங்க அத்தை... கைப் பயிற்சிப் பந்த அந்த நர்ஸ் பொண்ணு மேல எறிஞ்சீங்களா? சின்னப் பொண்ணு அத்தை, பாவம்ல... சரி, பத்து வேணாம், அஞ்சு தடவ அமுக்குங்க. நான் எண்றேன். ஒண்ணு... ரெண்டு... ஏமாத்தாதீங்க, நீங்க அமுக்கலன்னு மூச்சுலயே தெரியுது."

தினமும் மாடியில் ஒன்று, இரண்டு என்று அவன் எண்ணுவதைக் கேட்டிருக்கிறேன். உடற்பயிற்சி செய்கிறான் என்று நினைத்திருந்தேன், மடச்சி.

அவன் வைத்ததும் அவள் கேட்டாள்: "எங்கம்மாவா? உங்களுக்கா போன் பண்றாங்க?"

"தினமும்தான். அவங்க கையி மடங்கிப் போயிடும்ல. நர்ஸு சொன்னா செய்ய மாட்டாங்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் வேண்டும், அவள் கல்நெஞ்சக்காரி அல்ல. ஓடி ஓடி உழைத்தவள். யாருக்கு நல்லது செய்ய வேண்டுமென்றாலும் ஒரு வேலை போட்டுக் கொடுப்பாள். அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

"நீங்க தினமும் வீட்டுக்கு வாங்க. நர்ஸுக்குக் குடுக்கறத விட ரெண்டு மடங்கு சம்பளம் தர்றேன். உங்களுக்கும் ஒரு வருமானமாச்சு, அம்மாவுக்கும் ஆளாச்சு" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

என் தம்பி பேனாவை மூடினான்.

"சம்பளமா?" என்றான். அவன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. "நான் உங்கிட்ட வேலை பாக்கலம்மா. உனக்குப் புருஷனா இருந்தேன். அவங்க எனக்கு அத்தை. அவங்களப் பாத்துக்கறதுக்கு ஒரு பைசா வாங்க மாட்டேன்."

பிறகு நடுவரைப் பார்த்தான். "ஜீவனாம்சம் கேக்கறேங்க. வீட்டப் பத்திக் கவலயில்லாம இவ ஓடினா, சம்பாதிச்சா. நான் வீட்டுல இருந்ததாலதான அது முடிஞ்சது? அதுல எனக்குப் பங்கு இருக்கு. அதக் குடுக்கச் சொல்லுங்க."

வக்கீல் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி அடக்கினாள். "அவர் சொல்றது சரிதான்" என்றாள். "எவ்வளவுன்னு மேடமே சொல்லட்டும், நான் தர்றேன்." தாளை எடுத்துக் குறுக்கே கிழித்தாள். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. போகவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு.

வெளியே படிக்கட்டில் நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, "ஒரு நிமிஷம்" என்று பின்னாலேயே வந்தாள். தனியாகத்தான் வந்தாள்.

"தப்பாப் பேசிட்டேன்" என்றாள்.

"விடு. நாளைக்கு அத்தையப் பாக்க வர்றேன்."

"எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாங்க. உங்ககிட்ட தினமும் அப்படி என்னதான் பேசுவாங்க?"

"உன்னப் பத்திதான். அவ சாப்பிட்டாளான்னு கேப்பாங்க. சாப்பிட்டான்னு சொல்லுவேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னிக்கு சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

இல்லையென்று தலையாட்டினாள்.