யாரும் முறிக்காத அப்பம்

சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் அழகுத்தாய்க்குக் கிறிஸ்தவப் பண்டிகைகளில் நன்றாகத் தெரிந்தது பெசகா வியாழன் ஒன்றுதான். ஈஸ்டருக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை, தோட்ட முதலாளி யாக்கோபு வீட்டில் அப்பத்துக்கு மாவு அரைப்பது அவள்தான். பச்சரிசி, உளுந்து, தேங்காய். புளிக்க வைக்காமல் அவிக்க வேண்டும். இயேசு சாவதற்கு முன் சீடர்களுக்குப் பிட்டுக் கொடுத்த அப்பத்தின் நினைவு அது. மேலே குருத்தோலையில் சிலுவை வைப்பார்கள். வீட்டுத் தலைவர் ஜெபம் சொல்லி முறித்து, மூத்தவரில் தொடங்கி எல்லோருக்கும் கொடுப்பார். அழகுத்தாய்க்கு மட்டும் பங்கு கிடையாது. ஞானஸ்நானம் வாங்காதவர்கள் தின்னக்கூடாதாம். அரைக்க மட்டும் கூடுமாம். நல்ல நியாயம்!

இன்னொரு வழக்கமும் அவளுக்குத் தெரியும். வருஷத்துக்குள் சாவு விழுந்த வீட்டில் இந்த அப்பத்தை அவிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

போன ஆடி மழையில் யாக்கோபின் மகன் ஜோபி ஏலக்காய் மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குப் போனான். கூடப் போனவன் அழகுத்தாயின் புருஷன் சுடலைமணி. காட்டாறு ஜீப்பை உருட்டிக்கொண்டு போய்விட்டது. ஜீப் கிடைத்தது, ஒரு மூட்டைகூடக் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. தேடியவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

கொழுந்தன் முனீஸ்வரன் மாதம் தவறாமல் வந்து நின்றான்.

"மதினி, கருமாதிய முடிச்சிருவோம். அண்ணன் ஆத்மா அலையுது."

"பொணத்தக் காட்டு. தாலிய அறுத்துத் தாரேன்" என்பாள்.

அவளுக்குப் பித்து என்றது தோட்டக் கூலிக்காரர் குடியிருந்த லயம். பித்தோ என்னவோ, துணைக்கு ஒருத்தி இருந்தாள். ஜோபியின் அம்மா மரியக்குட்டி. மகனுக்கு மரித்தோர் ஜெபம் சொல்ல அவள் யாரையும் விடவில்லை. அவன் சட்டைகளை வெயிலில் காயவைத்து மடித்து வைப்பாள். பெற்றவளே நம்புகிறாளே என்று அழகுத்தாய் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு உயிரோடிருந்தாள்.

இந்த வருஷப் பெசகா வியாழன் காலையில் தலைமுழுகிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போனாள். அடுக்களையில் உளுந்து ஊறவில்லை.

"இன்னும் நனையப் போடலையா அம்மச்சி?"

மரியக்குட்டி அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருஷம் நம்ம வீட்ல அப்பம் இல்ல மோளே. பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு வரும்."

அழகுத்தாய்க்கு விளங்கிவிட்டது. "நீங்களுமா அம்மச்சி?"

"எத்தனை நாள் மோளே? எனக்கு இனி முடியாது."

அழகுத்தாய் லயத்துக்கு ஓடி வந்தாள். இருந்த அரிசியை நனையப் போட்டாள். உளுந்து இரவல் வாங்கினாள். அப்பம் அவிந்த வீடு சாவு விழாத வீடு, அவ்வளவுதான் அவள் கணக்கு. குருத்தோலைக்கு எங்கே போவது? ஏல இலையைக் கீறிச் சிலுவை வைத்தாள். வாய் மட்டும் குலசாமி சுடலைமாடனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் மரியக்குட்டி லயத்துக்கு இறங்கி வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். பக்கத்து வீட்டார் கொண்டுவந்த அப்பத்தில் ஒரு பங்கு.

"வாங்கிக்கோ மோளே. ரெண்டு வீட்லயும் ஒரே துக்கம்தானே."

இத்தனை வருஷமாகக் கிடைக்காத பங்கு. அழகுத்தாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாங்கினால் புருஷன் செத்தவனாகிவிடுவான்.

"வேணாம் அம்மச்சி. எங்க வீட்ல அவிச்சாச்சு. இங்க யாரும் சாகல."

மரியக்குட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். நடுவில் லேசாக வெடித்த அப்பம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு பிச்சை கேட்பவளைப் போலக் கையை நீட்டினாள்.

"எனக்கு இதுல ஒரு துண்டு தா மோளே."

அழகுத்தாய் ஆவலோடு தட்டை எடுத்தாள். அப்பத்தில் வைத்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. முறிக்க வேண்டியவன் வீட்டுத் தலைவன். அவன் இருக்க அவள் எப்படி முறிப்பாள்?

"அவரு வந்துதான் முறிக்கணும் அம்மச்சி" என்றவள், தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

மரியக்குட்டி நீட்டிய கையை மடக்கவே இல்லை.