இரும்புத் தூணில் மாட்டிய கொக்கி

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் கண்மணி. அதனால் ஜாலான் புசார் சாலையில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்த மனநல நிலையத்தில் அவள் தரையைத் துடைத்தாள். இரண்டு வார இறுதிகளில் சான்றிதழ் வாங்கிய திவ்யதர்ஷினி, அதே அறையில் மனிதர்களின் நரம்பைச் சீராக்கினாள்.

கண்மணி யாரோடும் அதிகம் பேசமாட்டாள். துடைப்பவளை யாரும் பார்ப்பதில்லை. அவள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யார் வந்தாலும் அங்கே வைத்தியம் ஒன்றுதான். கண்ணை மூடு, கனமான போர்வையைப் போர்த்திக்கொள், உடம்பைத் தளரவிடு. பரீட்சைக்குப் பயந்த பிள்ளைக்கும் அதே, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கும் அதே.

சின்னத்தம்பி செம்பவாங் பக்கம் கப்பல்களுக்குச் சாரம் கட்டுபவன். கூட வேலை பார்த்தவன் கண்ணெதிரே விழுந்து செத்த நாளிலிருந்து அவன் கை நடுங்கியது. நான்கு முறை இந்த நிலையத்துக்குப் போய்வரச் சொல்லிக் கம்பெனி அனுப்பியிருந்தது. நிலையம் 'குணம்' என்று கடிதம் கொடுத்தால் வேலை. இல்லாவிட்டால் பெர்மிட் ரத்து, ஊருக்கு விமானம்.

"கீழ தரையே இல்லைன்னு நினைச்சுக்குங்க. மேகத்துல மிதக்குறீங்க. கையை விட்டுடுங்க. ரிலாக்ஸ் லா!"

உயரத்தில் நிற்பவனிடம் சொல்லக்கூடாததை எல்லாம் திவ்யதர்ஷினி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவன் வியர்த்துக் கொட்ட எழுந்து உட்கார்ந்தான். 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறித்துக்கொண்டாள் மகராசி. மூன்று முறையும் இதே கதைதான்.

கண்ணை மூடச் சொன்னதும் அவன் வலது கை இடுப்புப் பக்கம் போய் எதையோ துழாவும். கண்மணி அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

நான்காம் முறை, வாசலில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று திவ்யதர்ஷினி தன்னையே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கண்மணி வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே தனியாக உட்கார்ந்திருந்த சின்னத்தம்பியின் பக்கம் வந்தாள்.

"தம்பி, இடுப்புல என்ன தேடுறீங்க?"

அவன் திகைத்தான். "ஹூக்கு, அக்கா. மேல போனா அதை மாட்டிட்டுத்தான் அடுத்த கால வைப்போம்."

"பெல்ட்டு இருக்கா?"

"பையில கிடக்கு. என்னைக்குக் கூப்பிடுவாங்களோன்னு தூக்கிட்டே அலையுறேன்."

"மாட்டுங்க. கண்ணை மூடாதீங்க."

தோளிலும் தொடையிலும் வாரை இறுக்கினான். கண்மணி ஜன்னல் கம்பியைக் காட்டினாள்.

"துணி காயப்போடவாக்கா? ஆளைத் தாங்காது" என்று சிரித்தான். அங்கே அவன் சிரித்த முதல் சிரிப்பு. அறை நடுவிலிருந்த இரும்புத் தூணைச் சுற்றிக் கொக்கியை மாட்டி, இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் சாய்ந்தான். வார் அவன் எடையை வாங்கிக்கொண்டது. மூச்சு தானாக இறங்கியது. கண்மணி நீட்டிய, பால் கலக்காத தே ஓ தேநீர்க் கோப்பையை வாங்கினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

உள்ளே வந்த திவ்யதர்ஷினி முதல் வேலையாகப் போட்டோ எடுத்தாள். "வாவ்! இதைத்தான் ஃபோர்த் செஷனுக்கு வெச்சிருந்தேன்" என்றாள். கொஞ்சமும் கூசவில்லை. தன் முறையால் முழுக்கக் குணம் என்று அப்போதே கடிதமும் அடித்துக் கொடுத்தாள். ஒரே நாளில் முழுக்கக் குணமாம்! கடிதம் கைக்கு வரட்டும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"சாரத்துல முதல் தட்டுலேருந்து மெதுவா ஏறிக்கிறேன்க்கா" என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுவாரம் அறையில் புத்தம்புது ஆரஞ்சு பெல்ட் தொங்கியது. நிலையத்தின் புதிய சிகிச்சை.

"கண்மணிக்கா, இது தெரபி டூல். பாத்துத் துடைங்க."

கண்மணி தலையாட்டினாள். நிமிர்ந்து கொக்கியைப் பார்த்தாள்.

ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது.