வலி பூச்சியம் என்று எழுதிய பத்தொன்பது நாட்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழும்பினேன். ஜெபித்தேன். மெல்பேர்ணின் நோபல் பார்க் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் துணி காயப்போட்டேன். ஆறே காலுக்கு மகன் ஜெரோமுக்கு இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தேன். பிறகு அவனுடைய அணியின் படிவத்தை ஃபோனில் திறந்தேன்.

ஜெரோமுக்கு இருபத்து நான்கு வயது. பேஸ்போலில் பந்து எறியும் பிட்சர். அதுதான் அவன் தொழில். அமெரிக்காவில் இரண்டு வருடம் கீழ்மட்ட அணியொன்றில் எறிந்தான். விலக்கிவிட்டார்கள். மெல்பேர்ணுக்குத் திரும்பி வந்து இங்கே ஓர் அணியில் சேர்ந்தான். பிட்சர்கள் ஒவ்வொரு காலையும் தங்கள் கைவலிக்குப் பத்துக்குள் ஓர் எண் போட்டு அனுப்ப வேண்டும். அவன் மறந்துவிடுவான் என்று நானே கேட்டு நிரப்பி, என் டயறியிலும் குறித்து வந்தேன்.

"தம்பி, இண்டைக்கு எத்தினை?"

"சீரோ போடுங்கோ அம்மா."

முட்டைக் கோதை இடது கையால் உரித்துக்கொண்டிருந்தான். அவன் வலக்கைக்காரன்.

"உண்மையைச் சொல்லு. நோகுதெல்லோ?"

"சனிக்கிழமை என்ர எறியைப் பாத்து அணிக்கு எடுக்க அமெரிக்காவில இருந்து ஆள் வருது. அதுவரைக்கும் சீரோதான். டயறியிலயும் அப்பிடியே எழுதுங்கோ. இல்லாட்டி ஒரு நாளைக்கு அதைச் சாட்சியெண்டு தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவியள்."

பூச்சியம் போட்டேன். அது பத்தொன்பதாவது நாள்.

மல்கிரேவில் வேலை. மதிய இடைவேளையில் காருக்குள் இருந்து அழுதேன். படிப்பைப் பாதியில் விட்டவன். கை போனால் அவனுக்கு என்ன இருக்கிறது? நான் எட்டு நாள் உபவாசம் இருந்தும் அவன் வலி கூடிக்கொண்டே போனது. "ஆண்டவரே, ஏன் கேட்கிறீர் இல்லை?" என்று கோபமாகவே கேட்டேன். அப்போதுதான் உறைத்தது. கர்த்தரிடம் வலி என்று அழுகிறேன். அந்தக் கையைப் பார்க்க வேண்டியவர்களுக்குப் பூச்சியம் என்று எழுதுகிறேன். கை சுகமாக வேண்டும் என்று கேட்பதை நிறுத்தினேன். "உண்மை சொல்லத் தைரியம் தாரும். அவன் என்னை வெறுத்தாலும் சரி" என்று மட்டும் கேட்டேன்.

மாலை ஆறு இருபதுக்கு ஜெரோமிடம் சொன்னேன்.

"நாளைக்கு நான் சீரோ போட மாட்டன்."

"அப்ப என்ர கதை முடிஞ்சுது."

கதிரையைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினான். நான் கதவுக்கு வெளியே முழங்காலில் நின்றேன். ஏழு இருபதுக்கு உள்ளே அவன் குரல் கேட்டது. பயிற்சியாளருக்கு ஃபோன் எடுத்து, அழுதபடி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கென்று கேட்ட தைரியத்தைக் கர்த்தர் என் பிள்ளைக்குக் கொடுத்தார்.

முழங்கை எலும்புகளைப் பிணைக்கும் நார் பாதி கிழிந்திருந்தது. இன்னும் ஓர் ஆட்டம் எறிந்திருந்தால் முழுதாக அறுந்திருக்கும் என்றார் வைத்தியர். அமெரிக்கா கைவிட்டுப் போனது. ஆனால் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. ஏழு மாதமும் ஒன்பது நாளும் பந்தைத் தொடாமல் இருந்தான். அடுத்த பருவம் அதே கையால் எறிந்தான். இன்றும் எறிகிறான். நான் அதன் பிறகு யாருக்காகவும் பொய்யான எண் எழுதியதில்லை.

அன்பானவர்களே, உங்கள் வலி எவ்வளவோ அவ்வளவையும் அவரிடம் சொல்லுங்கள். மனிதரிடமும் மறைக்காதீர்கள். அவரை நம்பலாம். நான் நம்பினேன்.

அவன் ஃபோன் எடுத்த அந்தச் செவ்வாய்க்கு மறுநாள், புதன்கிழமை காலை ஆறு மணி. வைத்தியரிடம் போக வெளிக்கிட்ட ஜெரோம், சட்டைப் பொத்தான் பூட்டாமல், நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்த குசினி வாசலில் வந்து நின்றான்.

"கை மடிக்க ஏலாதம்மா. பூட்டிவிடுங்கோ."

மேலிருந்து கீழாக ஏழு பொத்தானையும் பூட்டிவிட்டேன்.