சாவி கழன்ற வளைவு

தாண்டிக்குடியில் பஸ் வரவில்லை. பிற்பகல் ஒரு மணிக்கு, வத்தலக்குண்டு போகும் பழைய டீசல் காரில் ஏறினேன். தலைக்கு நூறு ரூபாய். முன்சீட்டில் நான். பின்னால் எங்கள் ஊர்ப் பாண்டியம்மாளும், கையில் மாவுக்கட்டு போட்ட அவளுடைய சின்ன மகளும். கட்டைப் பிரிக்க மூன்று மணிக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம்.

கார் சாவியைப் பார்த்ததுமே எரிச்சல் வந்தது. பல் தேய்ந்து மழமழவென்று இருந்தது. அதே வளையத்தில் வீட்டுச் சாவி, குடோன் சாவி, பழனியில் வாங்கிய கனத்த பித்தளை வேல். அந்தக் கனம் ஆடி ஆடியே பூட்டையும் தின்றிருந்தது.

"பூட்ட மாத்தக்கூடாதா?"

"எதுக்குண்ணே? எங்க வீட்டு பீரோ சாவிய விட்டாக்கூட ஸ்டார்ட் ஆகும்" என்று சிரித்தார் டிரைவர் முருகேசன். டூப்ளிகேட் சாவியும் இதைப் பார்த்து வெட்டியதுதானாம். தேய்மானத்துக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறார்!

ஒன்றே முக்காலுக்குப் பெரும்பாறையைத் தாண்டினோம். இறக்கம் வந்ததும் என்ஜினை அணைத்தார். டீசல் மிச்சமாம்.

"ஆன் பண்ணுங்க. சாவி உருவிக்கிட்டா ஸ்டீயரிங் பூட்டிக்கும்" என்றேன்.

"அண்ணனுக்கு உசுரு மேல ரொம்ப ஆசை" என்றாள் பாண்டியம்மாள். மகளும் சிரித்தாள்.

அடுத்த வளைவுக்கு முன் ஒரு குழி. கார் குலுங்கியது. சாவிக்கொத்து கழன்று என் காலடியில் விழுந்தது. ஸ்டீயரிங் அசையவில்லை. முருகேசன் பிரேக்கை மிதித்துக் கைபிரேக்கையும் இழுத்தார். பள்ளத்து ஓரக் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

கீழே இறங்கி, வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். "மத்ததக் கழட்டிட்டு சாவிய மட்டும் போடுங்க. என்ஜின அணைக்காதீங்க."

"வேலு இருந்ததாலதான்ணே வண்டி நின்னுச்சு. அதப் போய்க் கழட்டச் சொல்றீங்க! வெரசா ஏறுங்க."

கொத்தை எடுத்து அப்படியே மாட்டினார். பாண்டியம்மாளை இறங்கச் சொன்னேன்.

"டாக்டரு போயிருவாருண்ணே. நீங்க சோலியில்லாத ஆளு, நடந்து வருவீங்க."

அது உண்மைதான். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நாலு எட்டிலேயே செருப்பு வார் அறுந்தது, வெறுங்காலோடு இறங்கினேன்.

கீழே மூன்றாவது வளைவில் அந்தக் கார் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மாவுக்கட்டுக் கை ஒன்று என்னைப் பார்த்து ஆடியது. நின்று காதுகொடுத்துக் கேட்டேன்.

என்ஜின் சத்தம் இல்லை.