யாரோ வீட்டுக் கல்யாணம்

சென்னையில் என் அறைத் தோழன் பழைய டிவிடிகளாகத் தேடித்தேடி வாங்குகிறான். போனில் அவன் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விட்டதாம். "கையில இருந்தாதான் ப்ரோ நம்மளது" என்கிறான். போன வாரம் அவனுக்கு ஒரு பார்சல் வந்தது. விற்றவர் எந்த ஊர்க்காரரோ, உள்ளே வைக்கோல் திணித்திருந்தார். அந்த வாசனை ஏறியதும் நான் விருத்தாசலத்துக்குப் போய்விட்டேன்.

வைக்கோல் என்றால் உங்களுக்கு மாடு நினைவுக்கு வரலாம். எங்களுக்குப் பீங்கான். அப்பா பீங்கான் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவர். பொம்மையோ ஃபியூஸ் கட்டையோ, வைக்கோல் சுற்றாமல் ஊரைத் தாண்டாது. கை பழகிவிட்டதால், தன் மூக்குக்கண்ணாடியையும் வைக்கோல் சுற்றித்தான் வைப்பார்.

"எங்க வீட்லயும் சொந்தமா ஒரு டிவிடி இருக்கு" என்று தோழனிடம் பெருமையாகச் சொன்னேன். அதற்குள் இருக்கும் கல்யாணம்தான் எங்களுடையது இல்லை.

அக்கா கல்யாணத்தில் ஒரு தகராறு. மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றபோது தனக்கு மாலை போடவில்லை என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா. கருவேப்பிலங்குறிச்சியில் அந்தக் குடும்பத்துக்கே அவர் சொல்வதுதான் சட்டம். என் கையாலேயே போட்டேன் என்றார் அப்பா. "டிவிடி வரட்டும். அதுல என் கழுத்துல மாலை இருந்தா மாப்ள தலை தீபாவளிக்கு வருவாரு. இல்லன்னா இல்ல" என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆடிக்கு அழைத்து வந்த அக்காவைத் திரும்பக் கூட்டிப்போகவும் ஆள் வரவில்லை. மாப்பிள்ளை மாமா தினமும் போனில் பேசினார். பெரியப்பாவை மீறி பஸ் ஏறத்தான் அவருக்குத் தைரியம் இல்லை. பேசி முடித்ததும் அக்கா கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவுவாள்.

ஸ்டுடியோவிலிருந்து டிவிடி வந்ததும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். அப்பா பிடுங்கிக்கொண்டார். "நாம முன்னாடியே பாத்துட்டா, வெட்டி ஒட்டிட்டோம்னு சொல்லுவாங்கடா." வைக்கோல் சுற்றி, பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, பீரோவில் பூட்டினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவன் நான். "அதுவும் நியாயந்தாம்ப்பா" என்று தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்தார்கள். பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார் அப்பா. பிளேயரை இயக்கும் பொறுப்பு என்னுடையது. அப்போது செராமிக் டிப்ளமா படித்துக்கொண்டிருந்தேன். "மண்ணச் சுடுற படிப்புதான? இதச் சுட்டுப்புடாத" என்றார் பெரியவர்.

திரையில் இதயங்கள் பறந்தன. ஒரு ரோஜாப்பூ விரிந்தது. அதற்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"மேக்கப்பு நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றாள் அம்மா.

"அது நான் இல்லம்மா" என்றாள் அக்கா.

அப்பா காலி வைக்கோலுக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார், எங்கள் கல்யாணம் அதில் தங்கிவிட்டதுபோல. பெரியவர்தான் கால்மேல் கால் போட்டார். "வேன் வச்சி வந்துட்டோம். ஓடட்டும். டீயப் போடும்மா."

ஓடியது. அந்தக் கல்யாண வாசலிலும் வரிசையாக மாலை போட்டார்கள். ஓரத்தில் மொடமொடப்பான வேட்டியில் ஒரு மனிதர். மாலை பக்கத்தில் வரும்போதெல்லாம் துண்டைச் சரிசெய்து கழுத்தை நீட்டினார். மாலை அடுத்த ஆளுக்குப் போனது. துண்டு, கழுத்து, மாலை இல்லை.

பெரியவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "யோவ், அவருக்குப் போடுங்கய்யா!"

அப்பா எழுந்தே நின்றார். "பொண்ணுக்கு அப்பன் எவன்டா? ஆளு நிக்கிறது கண்ணு தெரியல?"

"கேளுங்க சம்பந்தி, நல்லாக் கேளுங்க!"

கடைசியாக ஒரு மாலை அவர் முகத்துக்கு நேரே வந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. தட்டை எடுத்துச் சட்டையில் துடைத்துப் போட்டேன். மறுபடி ரோஜாப்பூ. மறுபடி எல்லோரும் பார்த்தோம். அதே இடத்தில் நின்றது.

பெரியவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நம்மளாவது உள்ள போயி சாப்ட்டோம். பாவம், அந்தாளு இன்னும் வாசல்லயே நிக்கிறாரு" என்றார். கிளம்பும்போது அக்காவைப் பார்த்தார். "துணியெல்லாம் எடுத்து வைம்மா, வேன்லயே போயிரலாம். தீபாவளிக்கு மாப்ளயோட நானும் வரேன். தம்பி, அதுக்குள்ள அதச் சரிபண்ணி வையி."

வந்தார். அதன் பிறகு தீபாவளிதோறும் வந்தார். நான் தட்டில் பற்பசை தேய்த்தேன், வாழைப்பழத்தோல் தேய்த்தேன். மாலை விழவே இல்லை. பிளேயர் செத்துப்போனதோடு அந்த வருகையும் நின்றது. எது யாருக்குப் போனதென்று தெரியாது என்று ஸ்டுடியோக்காரர் அப்போதே கைவிரித்துவிட்டார். எங்கள் கல்யாணத்தை எந்தக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கிறதோ. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஷவர்மா சுடுகிறார்கள்.

இப்போது கல்யாணங்கள் லிங்க்காக வருகின்றன. போன மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்தை அவரவர் போனில், அவரவர் முகம் வருகிற இடத்துக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். எங்குமே தன் முகம் வராத மாமா ஒருவர் குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

"ஏன்டா, அவரு வூட்டுக்கு யாரும் போவலியா?" என்று அம்மா கேட்டாள்.

குழுவில் மூன்று பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்ததைக் காட்டினேன்.