ஒற்றை எழுத்துக்கு மேல் இடமில்லை

என் மேல்வரிசையில் ஒரு பல் பொய்ப்பல். கேட்பவர்களிடம் ஏரிச்சாலையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அது ஒரு பெயரை விதிப்படி டைப் அடித்ததற்காக வாங்கிய குத்தில் போனது. குத்தியவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஒரு பல்லோடு விட்டிருக்க மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானலில் பயிர் நோய்களை ஆராயும் சின்ன ஆபீஸ் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். பழனி கடைவீதியில் குடைக்கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு, மகன் மலைமேல் உட்கார்ந்து இங்கிலீஷ் தட்டுகிறான் என்பதில் தலைகால் புரியாத பெருமை. ஆபீசில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தவர் பேத்துப்பாறைக்காரர், பூண்டு விவசாயி மகன். என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை டைப்பு என்பார்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் கோணியிருக்கும். எப்படி ஆனது என்று ஒருதரம் கேட்டேன்.

"எங்கய்யா மம்பட்டிக் காம்பால போட்டதுங்க. காட்டுப்பன்னி விரட்டப் போகாம புஸ்தகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அத்தா என்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. அடி என்றால் என்னவென்று தெரியாத மடையன் நான்.

மூன்று வருஷம் பள்ளங்கிப் பூண்டு வயல்களுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடந்து, பூண்டு அழுகல் நோய் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் விதிப்படி திருத்தி அனுப்பு என்று நாலு பக்க நோட்டீசும் வந்தது. குடும்பப் பெயர் முழுசாக முன்னால், ஒரு கமா, சொந்தப் பெயருக்கு முதல் எழுத்து மட்டும், ஒரு புள்ளி. பிறகு வருஷம். பத்திரிகைப் பெயருக்குக் கீழே நேர்கோடு, தொகுதி எண்ணுக்குக் கீழே நெளிகோடு. கட்டுரைக்குப் பின்னால் வரும் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்கும், தலைப்பின் கீழ் வரும் கட்டுரையாளர் பெயருக்கும் இதே விதிதான்.

இந்த மாதிரி வேலை எனக்கு வெல்லக்கட்டி. முப்பது வெள்ளைக்காரப் பெயர்களை மடமடவென்று திருப்பிப் போட்டேன். கடைசியில் அவர் பெயருக்கு வந்ததும் கை நின்றது. நமக்கு அப்பா பெயர்தான் ஒற்றை எழுத்து, சொந்தப் பெயர்தான் முழுசு. குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அவரைக் கேட்கலாம் என்றால் பள்ளங்கியில் பூண்டு வயலில் கிடந்தார். தபால் பஸ் பன்னிரண்டு மணிக்கு. அப்பா பெயர்தானே குடும்பத்தின் பெயர், இதைக் கேட்க வேறு வேண்டுமா என்று நானே முடிவு கட்டினேன். என் பெயராக இருந்தால் அத்தா பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன். ஆபீஸ் ஃபைலைப் புரட்டி அவருடைய அய்யா பெயரைத் தேடி எடுத்து முழுசாக அடித்தேன். அவர் பெயரைப் பின்னால் தள்ளி ஓர் எழுத்தாக வெட்டினேன். ப்ரூஃப் வந்தபோதும் அவர் ஊரில் இல்லை. அதையும் நானே சரிபார்த்து அனுப்பினேன்.

அச்சடித்த பிரதிகள் பார்சலில் வந்த அன்று அவரே கயிற்றை அறுத்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"யாருலே இந்தப் பேரைப் போட்டது?"

"விதிப்படி நான்தான் சார்..."

முடிக்கவில்லை. குத்து வாயில் விழுந்தது. பல் நாக்கில் உருண்டது, ரத்தம் பிரதிகள் மேல் கொட்டியது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. மேஜையில் கிடந்த உருட்டு ரூல்தடியை எடுத்து அவர் காதுக்கு மேலே ஓங்கி அடித்தேன். மண்டை பிளந்து சட்டைக் காலர் நனைந்தது. அவர் என் பிடரியைப் பிடித்து முகத்தை டைப்ரைட்டர் மேல் மோதினார், ஒருதரம், இன்னொருதரம். தரையில் விழுந்த என் விலாவில் மிதித்தார். இரண்டாவது மிதிக்குக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். தன் காலையே பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எங்கம்மாவை அடுப்படியில போட்டு இப்படித்தாம்லே மிதிச்சான். மூணாம் நாள் செத்துப்போச்சு. பாம்பு கடிச்சிருச்சுன்னு ஊருக்குச் சொன்னான். எம் பேருக்கு முன்னால ஒத்தை எழுத்துதான் அவனுக்கு விட்டு வச்சிருந்தேன். அதுக்கு மேல அவனுக்கு எடம் கெடையாது. நீ யாருலே முழுசாத் தூக்கிக் குடுக்க?"

நான் பல்லைத் துப்பினேன். வாயெல்லாம் ரத்தம்.

பிரதிகளை ஆபீசுக்குப் பின்னால் போட்டு எரித்தார். திருத்தக் கோரி நானே பத்திரிகைக்குக் கடிதம் அடித்தேன். அந்த வருஷத்துக் கட்டுரையாளர் பெயர்ப் பட்டியல் அச்சாகிவிட்டது, அடுத்த இதழில் ஒரு வரி போடுகிறோம் என்று பதில் வந்தது. அந்த ஒரு வரியை எவன் படிப்பான்? இரண்டு வருஷத்துக்குள் மற்றவர்களின் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுகளில் அவருடைய அய்யா பெயர் வரத் தொடங்கியது. பெண்டாட்டியை மிதித்துக் கொன்றவன் பூண்டு அழுகலைக் கண்டுபிடித்தவன் ஆகிவிட்டான். இதைச் செய்தது என் கை.

மறுபடி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பின் கீழ் தன் பெயரை மட்டும் போடச் சொன்னார். முன்னால் இருந்த அந்த ஒற்றை எழுத்தும் போயிற்று. நான் ரெஃபரன்ஸ் லிஸ்ட்டுக்கு வந்தேன். பழைய கட்டுரையைச் சொல்லாமல் புதியதை எழுத முடியாது.

"அச்சில இருக்கிறபடிதான் போடணுமா, டைப்பு?"

"ஆமா சார். மாத்துனா தேடுறவனுக்குக் கெடைக்காது."

"அப்ப மேல தலைப்புல இருக்கவனும் கீழ லிஸ்ட்டுல இருக்கவனும் வேற வேற ஆளுன்னு நெனைப்பான்."

"அப்படித்தான் நெனைப்பான் சார்."

"எந்திரிங்க."

நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். கோணல் விரல்களால் ஒவ்வொரு சாவியாகக் குத்தினார். ஒவ்வொரு குத்துக்கும் மேஜை குதித்தது. அய்யா பெயர் முடிந்து, கமா போட்டு, தன் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினார். பிறகு தாளை உருவிக் கொடுத்தார்.

"சரியா இருக்கா பாருங்க. வெரசா அனுப்பணும்."

கமா, புள்ளி, கோடு எல்லாம் சரியாக இருந்தன. அய்யா பெயர் இருந்த இடத்தில் தாள் கிழிந்து ஓட்டை ஓட்டையாக இருந்தது. கிழிந்த தாளை அனுப்ப முடியாது. புதுத் தாளைச் செருகி நானே மறுபடி அடித்தேன். முடிக்கிற வரைக்கும் அவர் என் பின்னால் நின்று, அந்தப் பெயர் முழுசாக விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.