லூத்தர் வேஷக்காரரின் ஜெபம்

ஜெர்மனியின் கிழக்கே விட்டன்பர்க்கில் ஹார்ட்முட் கிரைசல் என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். "நம்ம லூத்தர்" என்றால் ரொட்டிக் கடைக்காரிகூடக் கை காட்டுவாள். மனிதர் ஒரு காலத்தில் சோப்புத் தொழிற்சாலையில் வெல்டர். பெர்லின் சுவர் விழுந்த கையோடு தொழிற்சாலைக்கும் பூட்டு விழுந்தது. வேலை போனவருக்கு ஞானமா வந்தது? தொப்பைதான் வந்தது. அந்தத் தொப்பைக்கு மேல் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் மாட்டினால், ஐந்நூறு வருஷத்துக்கு முன் இதே ஊரில் போப்பை எதிர்த்துக் கிளம்பிய அசல் லூத்தர். அமெரிக்காவிலிருந்து வரும் கூட்டங்களுக்கு முன்னால் லூத்தர் கோயில் கதவில் கண்டனம் அறைந்த சுத்தியல் என்று ஒன்றை ஆட்டி, பியர் ஜோக் அடித்துப் பிழைப்பை ஓட்டினார்.

ஞானஸ்நானம் பெறாதவர். கம்யூனிஸ்ட் ஆட்சியில் வளர்ந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இவர் அளந்த அளப்பு இருக்கிறதே! "ஏழு தலைமுறையா எங்க வீட்டுல வேதம் வாசிக்காம சூப்புல கரண்டி வைக்க மாட்டோம்" என்பார், கொஞ்சமும் கூசாமல்.

கேட்டவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? புனிதர்களின் எலும்பைக் காட்டிக் காசு பார்த்தவர்களைக் காறித் துப்பியவர் லூத்தர். அவர் பேரைச் சொல்லி அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு கோஷ்டியோ லூத்தர் பொம்மை, லூத்தர் காலுறை, லூத்தர் சாக்லேட் என்று பை பையாக அள்ளியது.

அந்தக் கோஷ்டி கோயில் பார்க்கப் போன அன்று காலையே, சுற்றுலா நடத்தும் ரெனாட்டே லூடிக்கே ஹார்ட்முட்டைத் தனியே இழுத்து மிரட்டிவிட்டாள். "இதோ பாருங்க கிரைசல், ஹாலே ஊர்லருந்து ஒருத்தன் வந்து இந்த வேஷத்தைக் கேக்குறான். பாட்டும் பாடுவானாம். இந்தக் கூட்டம் உங்களை நாலு வார்த்தை நல்லதாச் சொன்னாத்தான் அடுத்த வருஷமும் அங்கி உங்களுக்கு. இல்லேன்னா கழட்டிக் குடுத்துருங்க."

கோஷ்டியின் பாஸ்டர் முந்தின நாள் வெள்ளை ஆஸ்பாரகஸ் தண்டையும் வெண்ணெய்க் குழம்பையும் வெட்டு வெட்டென்று வெட்டிவிட்டு, விடுதிக் கழிப்பறையே கதி என்று கிடந்தார். ஊர்க் கோயிலுக்குள் நுழைந்ததும் ஜெபம் பண்ண ஆளில்லை. லூடிக்கே வெளியே சாப்பாட்டுக் கடைக்காரனோடு போனில் மல்லுக்கு நின்றாள்.

"பாஸ்டர் இல்லாட்டி என்னங்க, லூத்தரே இருக்காரே!" என்றார் ஒரு நெட்டைக் கிழவர். "ஐயா, கர்த்தருடைய ஜெபத்தை உங்க பாஷையில சொல்லுங்க. லூத்தர் சொன்ன மாதிரியே ஒரு தரம் காதால கேட்டுட்டாப் போதும்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். "எங்கள் பிதாவே" என்றார் ஹார்ட்முட். அதோடு சரக்கு தீர்ந்தது. நிறுத்தினால் ஏழு தலைமுறையும் போச்சு, அங்கியும் போச்சு. அப்போதுதான் பதினாலு வயதில் உருப்போட்டது தானாக வாயில் வந்தது. கோயிலில் விசுவாசத்தை உறுதி செய்யும் திடப்படுத்தலுக்குப் பதிலாக, அந்தக் காலத்துப் பிள்ளைகளை மண்டபத்தில் நிறுத்தி கம்யூனிஸ்ட் அரசாங்கம் வாங்கிய உறுதிமொழி அது. சோஷலிசத்துக்காக உழைப்போம், சோவியத் மக்களோடு தோழமை வளர்ப்போம் என்று ஜெர்மனில், கணீர்க் குரலில், கையை உயர்த்திச் சொன்னார். ஜெர்மன் புரியாத மினசோட்டாப் பெண்கள் ஜெபம் என்றே நம்பிக் கைக்குட்டையை எடுத்தார்கள். அட கஷ்டகாலமே!

பிள்ளைகள் பதில் சொல்லவேண்டிய இடம் வந்ததும் பழக்க தோஷத்தில் நிறுத்தினார்.

"ஆம், உறுதி கூறுகிறோம்" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல், சுத்தமான ஜெர்மனில்.

ஹார்ட்முட் சட்டென்று கையை இறக்கினார். மற்றவர்கள் "ஆமென்!" என்று உருகினார்கள். குரல் கொடுத்தவள் கோஷ்டியில் வந்த ஹால்வர்சன் என்ற வயதான விதவை. அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"இந்த... இந்த ஊருதாம்மா."

"நானும் இந்தப் பக்கந்தான், கெம்னிட்ஸ். பதினாலு வயசுல நானும் இந்தச் சத்தியத்தைப் பண்ணுனவதான். பதினாறுல அப்பா அம்மாவோட மேற்கு ஜெர்மனிக்கு ஓடிட்டேன், அப்புறம் அமெரிக்கா. நீ ஓடாம இங்கயே கெடந்து, கடைசில அங்கி மாட்டிக்கிட்ட. ரெண்டு பேரும் நல்லாத்தான் சத்தியத்தைக் காப்பாத்துனோம், போ!"

"அம்மா, வயித்துப் பொழப்பும்மா..."

அதற்குள் லூத்தரே ஜெபம் பண்ணிய சேதியை வாசலில் கேட்டு லூடிக்கே மூச்சிரைக்க உள்ளே வந்தாள். "ஜெபம் எப்படிம்மா? கிரைசல் நல்லாச் சொன்னாரா?"

அந்த அம்மாள் அவரைத் தொப்பி முதல் செருப்புவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு வார்த்தை பிசகல" என்றாள். "சின்ன வயசுலேர்ந்து நெஞ்சுல இருந்தாத்தான் அப்படி வரும்."

லூடிக்கே அங்கேயே அடுத்த வருடத்துக்கும் அவரைப் பேசி முடித்தாள். ஹார்ட்முட் தொப்பியைக் கழற்றி, அந்த அம்மாள் பக்கம் ஆழமாகக் குனிந்தார்.